காய்ச்சலில் போனவர்

பஞ்சு முடிந்துபோயிற்று. மக்டலீன் தன் பழைய சீலைத் தலைப்பைக் கிழித்துச் சுருட்டி, செத்துக் கிடந்த புருசன் சிமியோனின் நெஞ்சில் இருந்த ஓட்டைக்குள் வைத்து அழுத்தினாள். அதுவும் நனைந்து சிவந்தது. அவனுடைய தமையன் யாகப்பு, பிரேதத்துக்குப் போட வெள்ளைச் சேட்டை விரித்துப் பிடித்தபடி வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"கெதியாப் போடு பிள்ளை. நிவாரணக் கந்தோர் ஐயா வரப்போறார்."

"வரட்டும். நேவிக்காரன் சுட்டதை அவரும் பாக்கட்டும்."

"விசர்க்கதை கதையாதை."

போன வருடம் அரசாங்கம் மீன்பிடிக்கத் தடை போட்டுக் கடலைப் பூட்டியது. பூட்டிவிட்டு, சும்மா இருப்பவர்களுக்கு மாதாமாதம் அரிசியும் மாவும் பருப்பும் தருவதாகச் சொன்னது. நல்ல மனசுதான்! ஆனால் ஒருவன் வள்ளம் இறக்கினாலும் அவன் ஒழுங்கையில் அத்தனை வீட்டுக்கும் நிவாரணம் வெட்டு. ஆளை ஆள் காவல் காக்க வைத்துவிட்டால் பிறகு காவலுக்குச் சிப்பாய் எதற்கு? அந்த நிவாரணமும் இரண்டு மாதமாக வரவில்லை. நேற்று விடியப்புறம் சிமியோன் ஒருவருக்கும் சொல்லாமல் வள்ளத்தை இறக்கினான். பின்னேரம் யாகப்புதான் அவனைப் பாய்ச்சீலையில் சுற்றிக் கொண்டுவந்தான். இன்றைக்குக் காலையில், கோதாரி விழுந்த நிவாரண லொறி வந்து கோயில் வாசலில் நிற்கிறது. மூட்டைகள் இன்னும் இறங்கவில்லை.

"மலேரியாக் காய்ச்சல் எண்டு சொல்லு. ஒழுங்கை முழுக்க அதைத்தான் சொல்லும்."

"ஒப்பாரியிலையுமோ அத்தான்?"

யாகப்பு சேட்டுப் பொத்தான்களைப் பூட்டத் தொடங்கினான்.

குருநகரில் அந்த ஒழுங்கையில் செத்தவீட்டுக்கு வருகிறவர்கள், எப்படிச் செத்தான் என்று கேட்பதில்லை. பெண்சாதியே அழுதழுது எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். கடைசியாக எதைத் தின்றான், எந்தப் பக்கம் போனான், என்ன நடந்தது என்று. மற்றப் பெண்கள் அவள் சொன்னதை எடுத்து அழுவார்கள். பிரேதத்தின் முகத்துக்கு நேரே பொய் சொல்லி அழுவது அங்கே கேள்விப்படாத காரியம்.

நிவாரணக் கந்தோர் அதிகாரி பஞ்சலிங்கம் ஐயா வந்தார். கதிரை போட்டார்கள். தேத்தண்ணி கொடுத்தார்கள். அவர் பிரேதத்தைக் கும்பிட்டுவிட்டு யாகப்புவைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"நேற்று உந்தக் கடலிலை சூட்டுச் சத்தம் கேட்டதெண்டு கதைக்கினம். என்ன விசயம்?"

"தெரியாது ஐயா."

"நேவி சுடேல்லை. சுட்டிருந்தால் ரேடியோவிலை சொல்லியிருப்பினம். சுடாத இடத்திலை ஒருத்தன் எப்பிடிச் சூடு பட்டுச் சாவான்? படையளைப் பற்றின கதையள் வெளியிலை போறதும் குற்றம். விளங்குதே?"

"ஓம் ஐயா."

"அப்ப, இவர் எப்பிடி?"

"காய்ச்சல் ஐயா."

"உம்மைக் கேக்கேல்லை," என்று சொல்லிவிட்டு அவர் கதிரையில் நன்றாகச் சாய்ந்தார். "நான் இருக்கிறன். பெண்சாதி அழட்டும்."

பெண்கள் மக்டலீனைப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு அருமைநாயகியின் மடியில் கைக்குழந்தை பால் இல்லாத முலையைச் சப்பிவிட்டு வீரிட்டது. அருமைநாயகி மக்டலீனையே பார்த்தாள், அவ்வளவுதான்.

மக்டலீன் தலையைக் குனிந்தாள். பிறகு ஒப்பாரியை எடுத்தாள்.

"என்ரை ராசா... காய்ச்சல் எண்டு படுத்தியளோ... மருந்து தர ஆளில்லாமல் போனியளோ..."

"போனியளோ..." என்று பெண்கள் எடுத்தார்கள். ஒழுங்கை முழுக்கக் காய்ச்சலுக்கு அழுதது. அவளுக்குத் தன் வாயே அருவருத்தது. மன்னியுங்கோ, மன்னியுங்கோ என்று உள்ளுக்குள் அவனிடம் கெஞ்சிக்கொண்டே இன்னும் பலமாகக் காய்ச்சலைச் சொல்லி அழுதாள்.

நேற்று முழுக்க அருமைநாயகி வீட்டில் வைத்திருந்த மகள் மார்கிரட்டை அப்போதுதான் கூட்டி வந்தார்கள். ஆறு வயசு. அவளுக்கும் காய்ச்சல் என்றே சொல்லியிருந்தார்கள். அவள் சவப்பெட்டியருகே போய், தனக்குக் காய்ச்சல் வந்தால் அப்பா செய்வதுபோலவே, புறங்கையை அவன் நெற்றியில் வைத்துப் பார்த்தாள். பிறகு கழுத்திலும் வைத்தாள்.

"அம்மா, அப்பாவுக்குக் காய்ச்சல் இல்லை. சில்லெண்டு கிடக்கு."

ஒப்பாரி நின்றுவிட்டது.

"சேட்டும் ஈரமாக் கிடக்கம்மா. இஞ்சை பாருங்கோ, சிவப்பா..." பிள்ளையின் விரல் பொத்தானுக்குப் போனது.

மக்டலீன் அடித்தாள். பிள்ளை பிறந்ததிலிருந்து அவள்மேல் கைவைக்காதவள், வாயைப் பார்த்து ஓங்கி அடித்தாள். பிள்ளை சுருண்டு விழுந்தாள். உதட்டில் இரத்தம் வந்தது.

"பிள்ளை என்ன சொல்லுது?" பஞ்சலிங்கம் ஐயா கோப்பையைக் கீழே வைத்தார்.

"தேப்பன் செத்தது பிள்ளைக்கு விளங்கேல்லை ஐயா," என்றாள் அருமைநாயகி அவசரமாக.

அவர் எழுந்து வந்து சேட்டைப் பார்த்தார். சிவப்பு ஒரு கை அகலத்துக்குப் பரவியிருந்தது. அதைப் பார்த்தபடியே சொன்னார்: "காய்ச்சல்தான். வெய்யில் ஏறமுந்தி எடுங்கோ." வாசலில் நின்ற லொறிக்காரனைத் திரும்பிப் பார்த்தார். "மூட்டையளை இறக்கச் சொல்லு."

ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வெறும் உரப்பையை எடுத்துக்கொண்டு கோயில் பக்கம் நழுவினார்கள். யாகப்புவும் போனான். பெட்டி தூக்க ஆள் வரும்வரை மக்டலீன் ஈக்களை விரட்டிக்கொண்டு தனியே இருந்தாள். வெய்யில் நன்றாக ஏறிய பிறகுதான் அவர்கள் வந்தார்கள். சிலருடைய சேட்டில் மா படிந்திருந்தது.

அடக்கம் முடிந்து பின்னேரம் அருமைநாயகி சோறும் பருப்பும் கொண்டுவந்தாள். சோற்றில் ஆவி பறந்தது. மார்கிரட்டைப் பக்கத்தில் இருத்தி, வீங்கிய உதட்டைத் துடைத்துவிட்டாள்.

"மோனை, அப்பா எப்பிடிப் போனவர் எண்டு ஆரும் கேட்டால் என்ன சொல்லுவாய்?"

பிள்ளை அவளைப் பார்க்கவில்லை. தாயின் வலது கையைப் பார்த்தாள்.

"காய்ச்சல்."

பிறகு சோற்றுக்குக் கோப்பையை நீட்டினாள்.