பார்க்கலாம்

கொலைகாரன் யார் என்பதைச் சந்திரமௌலி சொல்லியிருக்கவே வேண்டாம். பெண் பார்க்கப் போன வீட்டில் சொஜ்ஜியைச் சாப்பிட்டோமா, சுவரில் மாட்டியிருக்கும் படங்களைப் பார்த்தோமா என்று இருந்திருக்கலாம். ஆனால் டீப்பாயின் மேல் தடிமனான ஆங்கிலத் துப்பறியும் நாவல் ஒன்று கிடந்தது. கடைசிப் பக்கங்களுக்குச் சற்று முன்னால், அடையாளத்துக்கு ஒரு பஸ் டிக்கெட் செருகியிருந்தது. புத்தகத்தைக் கண்டால் மௌலிக்குக் கையும் வாயும் சும்மா இருக்காது.

"அட, இதுவா! கடைசியில அந்தப் பல் டாக்டர்தானே கொலைகாரன்!"

எதிரே உட்கார்ந்திருந்த வைஜயந்தி புத்தகத்தை எடுத்தாள், பஸ் டிக்கெட்டை உருவினாள், கசக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். இனி அதற்கு வேலையில்லை.

சற்று முன்புவரை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வைஜயந்தி புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள். ஜெர்மன் மொழி சொல்லிக்கொடுக்கிறாள். "ஜெர்மனி போயிருக்கேளாமே, என்ன பார்த்தேள்?" என்று கேட்டாள். கம்பெனி அமெரிக்காவுக்கு அனுப்பியபோது, வழியில் ஃப்ராங்ஃபர்ட் விமான நிலையத்தில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்ததுதான் மௌலியின் ஜெர்மனி. "கண்ணாடி வழியா ஒரு பஸ்ஸைப் பார்த்தேன்" என்று உண்மையைச் சொன்னான். அவள் சிரித்தாள். வந்தவர்களுக்காகச் சிரிக்கும் சிரிப்பல்ல. தோள் குலுங்கும் சிரிப்பு. முப்பத்தோரு வயதில், ஐந்தாவது வீட்டுச் சொஜ்ஜியில், இந்த இடம் அமைந்தால் தேவலை என்று மௌலிக்கு முதல் முறையாகத் தோன்றியது. அந்தச் சந்தோஷத்தில்தான் வாய் நீண்டுவிட்டது.

கிளம்பும்போது அவள் அப்பா விஸ்வேஸ்வரன் வாசல்வரை வந்தார். ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். ஒவ்வொரு வார்த்தைக்கும் மேலிடத்து அனுமதி வாங்கிப் பேசுவதுபோல் பேசுவார்.

"பார்க்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

பெண் வீடு இருந்த போபோடியிலிருந்து லோக்கல் ரயிலேறிச் சிஞ்ச்வட் போய்ச் சேரும்வரை, கூட வந்திருந்த அக்கா ராஜி விடவில்லை.

"ஒரு பொண்ணு ஆசை ஆசையாப் படிச்சிண்டிருக்கற கதையோட முடிவை எவனாவது சொல்லுவானாடா? பேசாம பஜ்ஜியை முழுங்கியிருக்கலாம் இல்லே?"

"அக்கா, அவர் பார்க்கலாம்னுதானே சொன்னார்?"

"பார்க்கலாம்னா வேண்டாம்னு அர்த்தம். பிடிச்சிருந்தா, நாள் பார்க்கலாம்னு சொல்லியிருப்பார். நம்மவா யாராவது வேண்டாம்னு நேராச் சொல்லிக் கேட்டிருக்கியா நீ?"

மௌலியும் புனேயில்தான், கராடியில் ஒரு கம்பெனியில் மென்பொருள் எழுதுகிறான். வயிற்றுக்கு அது, மனசுக்கு வலைப்பதிவு. உலக அரசியல், பயணம், புத்தகம், சினிமா என்று எதையும் விட்டுவைப்பதில்லை. விமான நிலையத்து நாற்காலியை வைத்துக்கொண்டு ஜெர்மனியைப் பற்றி மூன்று பாகம் எழுதியவன். ஈராக் விஷயத்தில் அமெரிக்கா செய்ய வேண்டியது என்ன என்று 2003லேயே சொல்லிவிட்டான். இரண்டு வருஷமாகியும் அமெரிக்காதான் இன்னும் படிக்கவில்லை.

அந்த வாரம் ஐ.நா. சபையைப் பற்றி எழுத உட்கார்ந்தான். 'பேச்சுவார்த்தை பயனுள்ளதாக அமைந்தது' என்று அறிக்கை வந்தால் யாரும் எதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை என்று பொருள். 'மனம்விட்டுப் பேசினோம்' என்றால் மேசையைக் குத்தினார்கள் என்று பொருள். இப்படிக் கேலியாகத்தான் ஆரம்பித்தது. மூன்றாவது பத்தியில் கை தானாக வேறு பக்கம் திரும்பியது.

'ஆனாலும் இந்த வழவழா வார்த்தைகளை இனி நான் கேலி செய்யப்போவதில்லை. முடியாது என்று ஒருவர் சொல்லாதவரை, மேசையை விட்டு இன்னும் யாரும் எழுந்துபோகவில்லை. எத்தனையோ சண்டைகள் வராமல் போனது இந்த வார்த்தைகளின் தயவில்தான்.'

படித்துப் பார்த்தான். ஐ.நா. சபைக்காக ஒரு மனிதன் இவ்வளவு உருக வேண்டியதில்லை என்று பட்டது. இருந்தாலும் வெளியிட்டான். 'பிரமாதம், தொடருங்கள்' என்று ஒரே ஒரு பின்னூட்டம் வந்தது. எல்லாப் பதிவுக்கும் அதையே போடுகிற புண்ணியவான்.

பிறகு, ஜாதகத்தோடு வந்த காகிதத்தில் இருந்த அவள் மின்னஞ்சல் முகவரிக்கு எழுதினான். பல் டாக்டர் விஷயத்துக்கு மன்னிப்பு. சனிக்கிழமை திரைப்பட விழாவில் ஒரு ஈரானியப் படம் போடுகிறார்கள். தான் இன்னும் பார்க்கவில்லை, அதனால் முடிவைச் சொல்லிவிடும் ஆபத்து இல்லை. சேர்ந்து பார்க்கலாமா?

மறுநாள் பதில் வந்தது. ஆங்கில எழுத்தில் ஒரே ஒரு தமிழ்ச் சொல்: பார்க்கலாம்.

மௌலிக்குத் தலை சுற்றியது. அப்பாவும் பெண்ணும் கூடிப் பேசிக் கூட்டறிக்கை விடுகிறார்கள்! ராஜிக்கு போன் போட்டான்.

"அதேதாண்டா. குடும்பமே நாசூக்கானவா. கௌரவமா விட்டுடு."

அவன் விடவில்லை. தன் பதிவைத் தானே நம்பாவிட்டால் வேறு யார் நம்பப்போகிறார்கள்?

சனிக்கிழமை மாலை தியேட்டர் வாசலில் போய் நின்றான். புனே பெண்கள் வண்டி ஓட்டும்போது துப்பட்டாவால் தலையையும் முகத்தையும் சுற்றிக் கட்டிக் கண்ணை மட்டும் காட்டுவார்கள். ஊரில் பாதிப் பேர் வங்கிக் கொள்ளைக்குக் கிளம்பியதுபோல் இருக்கும். வந்த ஒவ்வொரு வண்டியையும் பார்த்தான். முதல் மணி அடித்தது. கூட்டம் உள்ளே போயிற்று. அவனும், பக்கத்தில் வெகுநேரமாக நின்றிருந்த ஒரு கொள்ளைக்காரியும்தான் மிச்சம்.

"யாரைத் தேடறேள்?" என்றது துப்பட்டா.

அவிழ்த்தால் வைஜயந்தி.

"எப்போலேர்ந்து இங்க நிக்கறேள்?"

"நீங்க வாட்சைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட ஆரம்பிச்சதுலேர்ந்து. பார்க்க மஜாவா இருந்தது, அதான் கூப்பிடலை."

"வருவேளா மாட்டேளான்னே தெரியலை. பார்க்கலாம்னு மொட்டையா எழுதினா நான் என்னன்னு எடுத்துக்கறது?"

"அரே! படம் பார்க்கலாமான்னு கேட்டேள். பார்க்கலாம்னேன். அதுல என்ன புரியலை?"

நாள்கணக்கில் ஆராய்ந்த அந்தச் சொல்லுக்கு, அகராதியில் இருக்கும் அர்த்தமே அர்த்தமாக இருக்கலாம் என்று மௌலிக்கு அதுவரை தோன்றவே இல்லை.

"அப்போ, அப்பா வாசல்ல சொன்ன பார்க்கலாம்?"

"அப்பாவா? காபி வேணுமான்னு கேட்டாலே பார்க்கலாம்பார். உங்க ஜாதகத்தோட வந்த காகிதத்துல பிளாக் அட்ரஸ் இருந்ததே, வாரம் பூரா அதைத்தான் படிச்சிண்டிருந்தார். எனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும், அதனால எனக்கும் சேர்த்து உரக்கப் படிச்சார். ஜெர்மனி மூணு பாகமும்."

"ஐயோ."

"ஜெர்மனியைப் பத்தி ஒரு வரி சரியில்லை. ஆனா சிரிச்சுச் சிரிச்சு அப்பாவுக்குப் புரை ஏறிடுத்து. நேத்திக்கு அந்த யு.என். படிச்சார். முடிச்சுட்டுக் கண்ணாடியைத் துடைச்சிண்டே, 'இது யு.என். பத்தி இல்லைம்மா'ன்னார்."

இரண்டாவது மணி அடித்தது.

"அப்போ... உங்களுக்கு..." என்று ஆரம்பித்தான் மௌலி. உலகத் தலைவர்களுக்கெல்லாம் யோசனை சொன்னவனுக்கு அந்த ஒரு வாக்கியத்தை முடிக்க வரவில்லை.

வைஜயந்தி துப்பட்டாவை நிதானமாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"உங்களுக்குத்தான் முடிவை முன்னாடியே சொன்னாப் பிடிக்குமே" என்றாள். "எனக்குச் சம்மதம்."