விலக்கக் கூடாத மனைவி

என் புருஷன் யாவ் பெங்ஜுவும் நானும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான். என்னை வீட்டை விட்டுத் துரத்திவிட வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டான். துரத்தினால் போதும் சாமி என்று நானும் ஆசைப்பட்டேன்.

அவனுக்கு ஆற்றுக்கு அக்கரையில் ஓர் உப்பு வியாபாரியின் மகள் மேல் கண். அந்த வியாபாரி, மகளை இரண்டாந்தாரமாகத் தரமாட்டேன், மூத்த மனைவியின் அறை காலியானால் பேசலாம் என்று சொல்லிவிட்டான். அந்த அறையில் நான் உட்கார்ந்திருந்தேன். நானா மாட்டேன் என்றேன்? கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று பார்த்துக்கொண்டு கல்யாணமான நாளிலிருந்து உட்கார்ந்திருக்கிறவள் நான்.

என் அண்ணன் ஷெங்பு கீழ்த்துறையில் சாயப்பட்டறை வைத்திருக்கிறான். அவுரித் தொட்டிகளுக்கு நடுவில் வளர்ந்தவள் நான். முழங்கை வரை நீலமாக இருந்த அந்தக் கைகளைத் தேய்த்துத் தேய்த்து வெளுக்க வைத்துத்தான் என்னை இந்த வீட்டுக்கு அனுப்பினார்கள். என் புருவத்துக்கு மேலே இருக்கிற தழும்பை அண்ணன் ஒருமுறை பார்த்தான். சூடான மதுக்குடுவையை என் புருஷன் வீசி எறிந்ததில் வந்த தழும்பு அது. அவர்களாக அனுப்பினால் என் வீட்டில் உனக்கு ஓர் அறை உண்டு, நீயாக ஓடி வந்தால் கிடையாது என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. ஓடிவந்த மனைவிக்குத் தடியடி, அவளை ஒளித்து வைத்தவனுக்கும் தடியடி. அவனுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது.

ஆக, எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். முறைப்படி என்னைத் துரத்த வேண்டும்.

மனைவியை விலக்க ஏழு காரணங்கள் உண்டு. எங்கள் ஊரில் எந்தப் பெண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். மாமனார் மாமியாருக்கு அடங்காதவள், பிள்ளை பெறாதவள், நடத்தை கெட்டவள், பொறாமைக்காரி, தீராத நோய்க்காரி, வாயாடி, திருடி. எனக்குத் தலை வாரிவிடும்போதே என் அம்மா இதைச் சொல்லிக்கொடுத்தாள். வாயாடி என்ற இடம் வரும்போது மட்டும் முடியைக் கொஞ்சம் இழுத்துவிடுவாள்.

நானும் என் புருஷனும் நெற்களஞ்சியத்தின் பின்னால் உட்கார்ந்து, எதைப் பிடிக்கலாம் என்று யோசித்தோம். நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அவ்வளவு நேரம் நாங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசியதே இல்லை. மாமனார் மாமியார் உயிரோடு இல்லை, அதனால் முதல் காரணம் போயிற்று. பிள்ளை இல்லை என்பது உண்மைதான், ஆனால் மனைவிக்கு ஐம்பது வயது நெருங்கிய பிறகே அது செல்லும் என்று அவன் விசாரித்து வைத்திருந்தான். நோய் என்று சொல்ல என் உடம்பில் ஒரு பரு கூடக் கிடையாது. பொறாமை என்றான். உங்களுக்காக யார் பொறாமைப்படுவார்கள் என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. நடத்தை கெட்டவள் என்பதை அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அதற்குத் தண்டனை வேறு. அந்தப் பெயரோடு போனால் அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கவே முடியாது. அவன் பெண்களை அப்புறம் யார் கட்டுவார்கள்?

மிச்சம் இருந்தது என் வாயும் கையும். வாய்க்கு ஏற்பாடே தேவைப்படவில்லை. குலத்தலைவரின் மனைவியை, கிணற்றடியில் பத்துப் பேர் பார்க்க, அவள் சமைக்கும் கஞ்சியிலிருந்து அவள் மருமகளை நடத்தும் விதம் வரைக்கும் பிரித்து மேய்ந்துவிட்டேன். சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை, வயிறு குளிர்ந்துபோயிற்று. கைக்கு, செத்துப்போன என் மாமியாரின் வெள்ளிக் கொண்டை ஊசி. அதை என் துணிமூட்டையில் ஒளித்து வைத்தது என் புருஷன்தான். வைக்கும்போது, "துணியில சுத்தி வை, வளைஞ்சிடப் போகுது" என்றான். திருட்டுப்பட்டம் கட்டும்போது கூட ஊசி மேல்தான் கவலை!

இந்த ஏற்பாடு எதையும் நான் சின்னத்தையிடம் சொல்லவில்லை. சின்னத்தை என் மாமனாருடைய தம்பியின் விதவை, பின்கட்டில் இருக்கிறாள். அந்த வீட்டில் என்னை மனிதப் பிறவியாக நடத்திய ஒரே ஆள். குடுவை பட்டு ரத்தம் கொட்டிய அன்று தன் தலைத்துணியைக் கிழித்துக் கட்டிவிட்டவள் அவள். ஆனால் காலையில் அவளிடம் ஒன்றைச் சொன்னால், மதியத்துக்குள் வாத்து மேய்க்கிறவனுக்குக் கூடத் தெரிந்துவிடும். போகும்போது சொல்லிக்கொள்ளலாம், கட்டிப்பிடித்து அழுதுகொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

குலக்கோயிலில் விசாரணைக்கு நாள் குறித்தார்கள். அண்ணனுக்கு ஆள் அனுப்பினேன். அவன் படகோடு வந்து துறையில் கட்டிவிட்டு, கோயில் வாசலில் மற்றவர்களோடு நின்றான். சட்டை ஓரத்தில் நீலக் கறை. அந்த அவுரி வாசனை எனக்கு அவ்வளவு தூரத்திலிருந்தே வந்த மாதிரி இருந்தது.

பெண்கள் கோயிலுக்குள் போகக் கூடாது. வாசற்படிக்கு இந்தப் பக்கம் நான் மண்டியிட்டிருந்தேன். உள்ளே முன்னோர்களின் பெயர்ப்பலகைகள் அடுக்கடுக்காக இருந்தன. அவற்றுக்கு முன்னால் குலத்தலைவர் யாவ் வென்தாய் உட்கார்ந்திருந்தார். என் புருஷன் மனப்பாடம் செய்துவைத்ததை ஒப்பித்தான். கிணற்றடி விவகாரத்துக்குச் சாட்சி சொல்ல ஆள் பஞ்சமே இல்லை. ஊசியையும் எடுத்து வைத்தார்கள், வளையாமல்தான் இருந்தது. குலத்தலைவர் என்னைப் பார்த்து, திருடியது உண்மையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஏன் என்று கேட்டார். பளபளவென்று இருந்தது, எடுத்தேன் என்றேன். இப்படி ஒரு மருமகளா என்று கிழவர்கள் முனகினார்கள். விலக்குச் சீட்டு எழுத மை கூட அரைத்தாகிவிட்டது. என் புருஷன் கையில் மை தடவி அந்தச் சீட்டில் பதித்துவிட்டால், நான் பொழுது சாய்வதற்குள் படகில் இருப்பேன்.

அப்போதுதான் பின்னால் அந்தக் குரல் கேட்டது.

சின்னத்தை கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். என்னைத் தாண்டினாள். வாசற்படியையும் தாண்டினாள். எந்தப் பெண்ணும் கால் வைக்காத அந்தத் தரையில் தடாலென்று விழுந்து நெற்றியை முட்டிக்கொண்டாள்.

"பெரியவரே, இவளைத் துரத்தினா இந்த வீடு விளங்காது. இவ வாயைப் பாக்காதீங்க. எங்க அக்கா, இவ மாமியா, செத்தப்ப மூணு வருஷம் துக்கத்துக்குச் சணல் துணி போட்டவ இவ. பெத்த மகன் நூறு நாள்ல கழட்டிப் போட்டுட்டு வியாபாரத்துக்குப் போயிட்டான். இவ கழட்டல. வைக்கோல்ல படுத்தா, வெறுங்கஞ்சி குடிச்சா. நான் என் கண்ணால பாத்தேன்."

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அந்த மூன்று வருஷத்துக்கும் இந்த விசாரணைக்கும் என்ன சம்பந்தம்?

அந்த மூன்று வருஷம் எனக்குத் தெரியாதா? என் வாழ்க்கையில் நான் நிம்மதியாகத் தூங்கிய மூன்று வருஷம் அது. துக்கத் துணி உடுத்தியவளின் அறைக்குள் புருஷன் வரக் கூடாது. அந்த முரட்டுச் சணல் கழுத்தை அறுத்தது, கோடையில் உடம்பெல்லாம் கொப்புளம் போட்டது. அறுக்கட்டும் என்று இருந்தேன். அவன் ஊருக்கு வரும்போதெல்லாம் வாசல் வரை வந்து, அந்தத் துணியைப் பார்த்துவிட்டு, செருப்பைத் தேய்த்துக்கொண்டு திரும்பிப் போவான். மாமியார் மேல் எனக்குப் பெரிய பாசம் எல்லாம் கிடையாது. பாவம், அவளும் தன் பங்குக்கு என்னைப் படுத்தினவள்தான். ஆனால் செத்த பிறகு மகனிடமிருந்து என்னைக் காப்பாற்றினாள். அந்த நன்றிக்காகவாவது அழுதேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குலத்தலைவர் எழுந்து நின்றார். ஏழு காரணங்கள் இருக்கிற மாதிரி, விலக்கவே கூடாத மூன்று பேரும் உண்டு என்றார். போக்கிடம் இல்லாதவள். ஏழையாக இருந்தபோது கூட இருந்து, புருஷன் பணக்காரனானதைப் பார்த்தவள். மாமனார் மாமியாருக்கு மூன்று வருஷத் துக்கம் காத்தவள். இவள் என்ன செய்திருந்தாலும் சரி, பெங்ஜு இவளை விலக்கினால் அவனுக்குத்தான் தடியடி என்றார்.

ஏழு காரணத்தையும் எங்களுக்குத் தலை வாரும்போது சொல்லிக்கொடுத்தார்களே, இந்த மூன்றை ஏன் ஒருத்தியும் சொல்லவில்லை? பெண்ணைக் காப்பாற்றுகிற சட்டமாம். தெரிந்தால் திமிர் ஏறிவிடும் என்று சொல்லாமல் விட்டிருப்பார்கள். அடப்பாவிகளா, காப்பாற்றியது போதும்!

என் புருஷனுக்கு முகம் செத்துவிட்டது. அவன் எழுந்து, இருவரும் மனமொத்துப் பிரிகிறோம், அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது என்று உளறினான். குலத்தலைவர் அவனை உட்காரச் சொன்னார். மாமியாருக்காக மூன்று வருஷம் வைக்கோலில் படுத்தவளை யாவ் குலம் வாசலில் நிறுத்தி வழியனுப்பியது என்று ஊர் பேச வேண்டுமா, குலத்தின் சம்மதம் இல்லை என்றார். அதற்கு மேல் அவர் பெருமையில் மிதக்க ஆரம்பித்துவிட்டார். இவள் பெருமையை எழுதிய பலகை ஒன்று செய்து இவள் அறை வாசலுக்கு மேல் அடிக்க வேண்டும், நீதிபதி கையால் எழுத்து வாங்க வேண்டும் என்றார். கிழவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கிணற்றடியில் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட அவர் மனைவி கூட மூக்கை உறிஞ்சினாள்.

ஒரு வழி பாக்கி இருந்தது. நடத்தை கெட்டவளுக்கு மட்டும் அந்த மூன்றும் பொருந்தாது என்று குலத்தலைவரே பேச்சோடு பேச்சாகச் சொன்னார். ஒரு வார்த்தை போதும். ஏதோ ஒரு படகுக்காரன் பெயர். எவனோ ஒருவன், ஊரில் இல்லாதவன். சொன்னால் இந்த வாசல் திறந்துவிடும்.

நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் அழுதுகொண்டிருந்தான். பக்கத்தில் நின்றவனின் தோளைப் பிடித்துக்கொண்டு, என் தங்கச்சி, என் தங்கச்சி என்று காட்டிக்கொண்டிருந்தான். எங்கள் சாயப்பட்டறைக் குடும்பத்தை இதுவரை யாரும் மதித்ததில்லை. இப்போது யாவ் குலத்துக் கிழவர்களே அவனுக்குக் கைகூப்புகிறார்கள். நான் அந்த வார்த்தையைச் சொன்னால் இந்த வாசல் திறக்கும். அவன் வாசல் மூடிவிடும். அப்புறம் நான் எங்கே போவது, ஆற்றுக்கா?

பிறந்ததிலிருந்து ஓயாத இந்த வாய் அன்றைக்கு ஓய்ந்துபோயிற்று. குலத்தலைவர், நீ ஏதாவது சொல்ல வேண்டுமா என்று இரண்டு தடவை கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு மண்டியிட்டிருந்தேன்.

"பாத்தீங்களா?" என்றார் கூட்டத்தைப் பார்த்து. "இவ்வளவு நடந்தும் ஒரு வார்த்தை பேசல. இவளையா வாயாடின்னு சொன்னீங்க?"

வாயாடிக் குற்றத்தையும் அடித்துவிட்டார்கள். ஊசியைத் துடைத்து, மாமியார் மனம் குளிரட்டும் என்று என் கொண்டையிலேயே குத்திவிட்டாள் சின்னத்தை. அவள் நெற்றி வீங்கியிருந்தது. என்னைக் கட்டிக்கொண்டு, "பயந்துட்டியாடி கண்ணு? நான் இருக்கேன்ல, உன்ன விட்டுடுவேனா?" என்றாள். அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். வேறு என்ன செய்ய? திட்டவா முடியும்?

அண்ணன் படகிலிருந்து, எனக்காகக் கொண்டுவந்த மாற்றுத்துணி மூட்டையை எடுத்து வந்து கொடுத்தான். நீலத்தில் வெள்ளைப் பூ போட்ட துணி, அவனே தோய்த்தது. அம்மா இருந்திருந்தால் இதைப் பார்த்துப் பூரித்துப்போயிருப்பாள் என்றான். புருவத்துத் தழும்பை அவன் அன்றைக்குப் பார்க்கவில்லை. பார்த்தானோ என்னவோ, பேசவில்லை. படகு வளைவில் திரும்பும் வரை கையை ஆட்டிக்கொண்டே போனான்.

கடைசியாகக் குலத்தலைவர் என் புருஷனுக்கு ஓர் உத்தரவு போட்டார். இப்படிப்பட்டவளுக்கு ஒரு மகன் இல்லாதது குலத்துக்கே குறை, அதனால் மகன் பிறக்கும் வரை அவன் வியாபாரத்துக்கு வெளியூர் போகக் கூடாது, வீட்டிலேயே இருக்க வேண்டும். வருஷத்தில் பாதி நாள் அவன் இல்லாமல் இருந்த அந்தக் காற்றும் எனக்கு அடைத்துப்போயிற்று.

வீடு வரைக்கும் அவன் முன்னால் நடந்தான், நான் பின்னால் நடந்தேன். என் அறை வாசலில் தச்சன் ஏற்கெனவே வந்து, பலகைக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தான். சின்னத்தையின் வேலைக்காரி உள்ளே புது மெத்தை விரித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் போகும் வரை என் புருஷன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். போன பிறகு கதவைச் சாத்தினான். நிதானமாகத்தான் சாத்தினான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அந்தச் சணல் துணி இன்னும் வச்சிருக்கியா?" என்றான்.

பெட்டியின் அடியில் மடித்து வைத்திருந்தேன். துக்கம் கழிந்ததும் எரித்துவிட வேண்டும், வைத்திருப்பது ஆகாது. தெரிந்தும் எரிக்க மனசு வரவில்லை.

"இருக்கு."

"எரிச்சுடு."

கோயிலில் அடைத்துப்போன என் வாய் அப்போது திறந்துகொண்டது.

"மாட்டேன். இன்னொரு தடவை வேணும்."

"இனி யாருக்குடி துக்கம் காக்கப் போற? அப்பாவும் இல்ல, அம்மாவும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் வந்தவன், பாதியில் நின்றான். புருஷன் செத்தாலும் மனைவிக்கு மூன்று வருஷம் அதே துணிதான். அது அவனுக்கும் தெரியும்.

பிறகு மேஜை மேலிருந்த மதுக்குடுவையை எடுத்தான். வெளியே சின்னத்தை யாரிடமோ, பலகையில் என்ன எழுதப்போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.