வரிசை சாட்சி சொல்லாது

மேலே போன நாணயம் இன்னும் விழவில்லை, மின்விசிறிக்குக் கீழே ஒரு கணம் மினுங்கி நிற்கிறது, அதற்கும் கீழே ஜெனோவா மிஸ்ஸின் அண்ணாந்த முகம், விரித்த உள்ளங்கை, உயிர்ப்புள்ளியியலின் முதல் வகுப்பு, கணக்கென்றாலே எனக்கு வேப்பங்காய், ஆனாலும் பொதுச் சுகாதாரம் படிக்க வந்துவிட்டு இந்தப் பாடத்துக்குத் தப்பி எங்கே ஓடுவது, மிஸ் என்னைவிட இரண்டு வயது சின்னவள் என்ற எரிச்சல் வேறு, நாணயம் அவள் கையில் விழுகிறது, பாதிப் பேரு நெசமாவே நூறு தடவ சுண்டி பூவா தலையான்னு எழுதுங்க, மீதிப் பேரு சுண்டாமலே சுண்டுன மாதிரி எழுதுங்க, நான் வெளிய நிக்கேன், வந்து எது நெசம் எது பொய்னு சொல்லுதேன், என்று சொல்லிவிட்டுப் போகிறாள், நான் பொய் எழுதும் கூட்டத்தில், பூ எழுதுகிறேன், தலை எழுதுகிறேன், பூ, பூ, பூ, அதற்குமேல் கை வரவில்லை, நாலாவதும் பூவென்றால் யார் நம்புவார்கள், ஒரு நியாயம் வேண்டாமா, தலை என்று எழுதுகிறேன்.

அவள் திரும்பி வந்தாள், கட்டாகக் கிடந்த தாள்களை எடுத்தாள், நின்றபடியே புரட்டினாள், இது நெசம், இது பொய், இதுவும் பொய், சீட்டு விளையாடுகிறவளைப் போல இரண்டு பக்கமாகப் போட்டுக்கொண்டே போனாள், ஒன்றுகூடத் தப்பவில்லை, என் தாளைத் தூக்கிப் பிடித்தாள், யாரு இது, கையால சுண்டல, மண்டையால சுண்டிருக்கிய, வகுப்பே சிரித்தது, நானும்தான், நெசமா சுண்டுனவங்க தாளப் பாருங்க, அஞ்சு பூ, ஆறு பூ ஒட்டுக்கா வந்து கெடக்கு, நாணயத்துக்கு முன்னால விழுந்தது ஞாபகம் இருக்காது, நமக்குத்தான் இருக்கும், என்றாள், எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது, இத்தனை பெரிய விஷயத்தை ஒருத்தி சாக்பீஸ் தூசியைத் தட்டிக்கொண்டே சொல்லிவிட முடியுமா, எரிச்சல் போன இடம் தெரியவில்லை, அப்படியே எழுந்து கும்பிடலாம் போலிருந்தது.

மூன்று பூவோடு என் கை நின்றுவிட்டது. எனக்கும் மூன்றுதான், மூன்று கருவும் மூன்றாம் மாதம் தாண்டவில்லை, முதலாவதற்கு நான் ஸ்கூட்டரில் போனது காரணம், இரண்டாவதற்கு யார் வீட்டிலோ தெரியாமல் தின்ற பப்பாளித்துண்டு, மூன்றாவதற்குக் காரணம் தேடியும் கிடைக்காமல் நானே காரணமாகிப் போனேன், வீட்டுக்காரரைப் பெற்ற அத்தை கெட்டவள் இல்லை, கட்டிலைத் திருப்பிப் போட்டாள், சங்கரன்கோவிலுக்கு நேர்ந்தாள், ஆனாலும் ஒட்டுக்கா மூணுன்னா சும்மாவாட்டி, என்னமோ இருக்கு, என்பாள், அந்த என்னமோ என் உடம்புக்குள் குடியிருப்பதாக நானும் நம்பினேன், நம்பிக்கொண்டே வகுப்பு முடிந்து வராந்தாவில் மிஸ்ஸின் பின்னால் நடக்கிறேன், கேட்டுவிடுகிறேன், மிஸ், நாணயம் இல்லாம வேற விஷயத்துக்கும் இது சரியா, அவள் நின்று என்னைப் பார்த்தாள், சொன்னேன், எல்லாவற்றையும், வெயில் காலில் சுட்டது, டாக்டர் பாத்தாச்சா, பாத்தாச்சு மிஸ், எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு, ஒண்ணும் இல்லங்காங்க, காரணமே இல்லன்னு நான் சொல்லமாட்டேன்க்கா, எனக்குத் தெரியாது, ஆனா வரிசையா வந்துச்சுங்கதுக்காக மட்டும் அது ஒங்களுக்கு எதிரா சாட்சி சொல்லாது, என்றாள், அக்கா என்றது அப்போதுதான் முதல்முறை. எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் ஏராளம், எல்லாம் சரியாகிவிடும் என்று, கடவுள் இருக்கிறார் என்று, தெரியாது என்று முதுகெலும்பு நிமிரச் சொன்னவள் இவள் ஒருத்திதான், அந்தத் தெரியாதில் ஒரு மரியாதை இருந்தது, தனக்குத் தெரிந்தது எதுவரை என்று தெரிந்து அங்கேயே நின்றுகொள்கிறவளின் மரியாதை, அன்று பேருந்தில் அழுதுகொண்டே வந்தேன், பக்கத்து இருக்கைக்காரி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள், துக்கமில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது.

வந்தது அதே பேருந்தா, தெரியவில்லை, நாள் வேறு, ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், நாலாவது கரு, மூன்றாம் மாதம், வீட்டுக்காரர் சீட்டோடு கவுன்டரில் நிற்கிறார், பக்கத்தில் அத்தை, வாயில் முணுமுணுப்பு, சட்டென்று திரும்பி, இது தங்கிருமாட்டி, என்கிறாள், முன்பெல்லாம் இந்தக் கேள்விக்குத் தலை குனிந்துவிடும், இன்று குனியவில்லை, தெரியாது அத்தை, என்கிறேன், அவள் என்னையே பார்க்கிறாள், கோபமோ என்று நினைக்கிறேன், எனக்கும் தெரியலட்டி, ஒனக்கு மட்டும் எப்படித் தெரியும், என்று என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்கிறாள், உள்ளே என் பெயரைக் கூப்பிடுகிறார்கள், பயமாகத்தான் இருக்கிறது, மேலே மின்விசிறி சுற்றுகிறது, அதற்குக் கீழே நாணயம் இன்னும் விழாமல் மினுங்குகிறது, முன்னால் விழுந்த எதுவும் அதற்கு ஞாபகமில்லை, நான் எழுந்து போகிறேன், கை விரிந்திருக்கிறது.