ஆறு சென்டிமீட்டர்

“இந்தச் சிவப்பு என்னது?”

“நிலம் இறங்கற இடம்ப்பா. சாட்டிலைட் ரேடார் எடுத்த படம். ரெண்டு மாசத்துல ஆறு சென்டிமீட்டர்.”

“நம்ம பில்டிங் எங்க?”

மானசா விரல் வைத்துக் காட்டினாள். மும்பையில் அவர்கள் இருந்த மாதுங்கா முழுக்கச் சிவப்பு. வாஷி பாலம் தாண்டி நெருள் பச்சை. வேங்கடசுப்ரமணியன் மகளின் வேலையைச் சந்தேகித்ததே இல்லை. நாற்பத்தொரு வருடம் இருந்த வீட்டைப் பூட்டிவிட்டு, அடுத்த மாதமே மனைவியோடு நெருளுக்குக் குடிபோனார். கட்டடத்தில் வேறு யாரும் நகரவில்லை. “சாட்டிலைட் மாமா” என்று சிரித்தார்கள்.

அது இரண்டு வருடத்துக்கு முன்பு. இன்று காலை நெருள் ஆஸ்பத்திரியில் அவர் உயிர் போயிற்று.

ஆம்புலன்ஸின் பின்கதவைச் சாத்திவிட்டு, எங்கே கொண்டுபோக வேண்டும் என்று டிரைவர் ஹிந்தியில் கேட்டான். “கிதர் லேகே ஜானா ஹை?”

“இங்கதான், நெருள் ஆத்துக்கு, செக்டர் எட்டு,” என்ற நகுல், தங்கையிடம் திரும்பினான். “மாதுங்காக்காரா எல்லாம் அங்க கொண்டு வாங்கோங்கறா. இடியப் போற பில்டிங்ல கூட்டத்தை ஏத்த முடியுமா? நீயே சொல்லு.”

அம்மா அபயாம்பாள் கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். மானசா அண்ணன் பக்கம் திரும்பினாள்.

“அது இடியாது அண்ணா.”

“என்னது?”

“நிலம் இறங்கவே இல்லை. ரொம்ப உசரத்துல அயனி மண்டலம்னு ஒண்ணு இருக்கு. இந்த மாதிரி நீள அலை ரேடார் அதைத் தாண்டி வரச்சே அலை பிசகிடும். நம்ம ஊர் மேல அது ஜாஸ்தி. அந்தப் பிசகைக் கழிச்சுட்டுத்தான் படத்தைப் படிக்கணும். நான் பயத்துல கழிக்காமயே அப்பாகிட்ட ஓடினேன். அப்புறம் வந்த படங்கள்ல அதே மாதுங்கா உசந்திருந்தது. நிஜமா இறங்கின நிலம் அப்படி ஏறாது.”

“எப்போ தெரியும்?”

“ஆறு மாசமா.”

“ஞாயித்துக்கிழமை தவறாம உன்கிட்ட கேப்பாரேடி, இன்னும் இறங்கறதான்னு.”

“பார்த்துண்டிருக்கேன்ப்பான்னு சொன்னேன்.”

நகுல் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டான். டிரைவர் மறுபடி கேட்டான். யாரும் திரும்பவில்லை.

அபயாம்பாள் கைப்பிடியை விட்டாள். மகளை அவள் திட்டப்போகிறாள் என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

“ரெண்டு வருஷமா, திரும்பிப் போலாமான்னு அவர்கிட்டயும் கேக்கலை, உங்ககிட்டயும் கேக்கலை,” என்றாள். “நான் மாதுங்கா ஆத்துக்குப் போகணும். அவரையும் அழைச்சுண்டு போலாம்.”