கள்ளுக்கடை நிறுத்தம்

சோழபுரம் போகும் வழியில் கள்ளுக்கடை என்று ஒரு பேருந்து நிறுத்தம் இருக்கிறது. அங்கே இப்போது கள்ளும் கிடையாது, கடையும் கிடையாது. அரசாங்கம் மூடச் சொல்லி நாற்பது வருடம் ஆகப்போகிறது. பேர் மட்டும் பிசாசு மாதிரி காசிராஜனைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது.

கடை அவர் அப்பா கண்ணுச்சாமியுடையது. பனை ஓலைக் கூரை, மண் கலயம், தொட்டுக்கொள்ள அவித்த மொச்சை. பருத்திக் காட்டில் வேலை முடித்தவர்கள் அங்கே வந்துதான் இடுப்பை நிமிர்த்துவார்கள். வாய்க்கால் தகராறு, வரப்புத் தகராறு எல்லாம் அங்கே ஆரம்பித்து அங்கேயே முடியும். கல்யாணம்கூட ஒன்றிரண்டு பேசி முடித்திருக்கிறார்கள். விடிந்ததும் இரண்டு வீட்டாரும் மறந்துபோனது வேறு கதை. கண்ணுச்சாமி ஒரு சொட்டுக்கூடத் தொடமாட்டார்.

ஆனாலும் மகன் பள்ளிக்கூடத்தில் கள்ளுக்கடை காசி. பட்டாளத்தில் சேர்ந்து தப்பித்தோம் என்றிருந்தால், அதே முகாமுக்குப் பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் மாற்றலாகி வந்தான். அன்று சாயங்காலமே அங்கேயும் கள்ளுக்கடை. இத்தனைக்கும் மெயின் ரோட்டில் அரசாங்கமே கடை திறந்து விற்கிறது. அங்கே வேலை பார்ப்பவரை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அரசாங்கம் விற்றால் வருமானம், அப்பா விற்றால் அவமானம். காசிராஜனுக்கு அலுத்துவிட்டது. கோபப்படக்கூடத் தெம்பில்லாத அலுப்பு.

ஓய்வு பெற்று வந்ததும், பார்க்க வேண்டிய ஆளையெல்லாம் பார்த்து, நிறுத்தத்தில் ‘காந்தி நகர்’ என்று ஒரு போர்டு வைக்கச் செய்தார். போயும் போயும் கள்ளுக்கடைக்கு இந்தப் பேரா என்று ஊர் சிரித்தது. கண்டக்டர்கள் போர்டுக்கு நேரே வண்டியை நிறுத்தி, “கள்ளுக்கடையெல்லாம் எறங்கு” என்றார்கள்.

மகன் அழகுராஜா ராஜபாளையத்தில் மில் வேலை பார்க்கிறான். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. வந்த சம்பந்தமெல்லாம் தட்டிப்போனது. அந்தப் பேர்தான் காரணம் என்று காசிராஜனாகவே முடிவு கட்டிக்கொண்டார். இப்போது தரகர் ஒருவர் மடவார் வளாகத்துச் சுயம்புலிங்கத்தின் மகள் மாரிசெல்வியின் ஜாதகத்தைக் கொண்டுவந்தார். பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்துப்போயிற்று. பெண் வீட்டார் வந்து வீடு பார்க்க வேண்டியதுதான் பாக்கி. இது மட்டும் அமைந்தால் போதும், நிம்மதியாகக் கட்டையைச் சாய்க்கலாம் என்றிருந்தார். சுயம்புலிங்கம் விலாசம் கேட்டபோது வாய் கூசாமல் காந்தி நகர் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ராகுகாலத்துக்கு முன்னால் வருவதாகப் பேச்சு. கேசரி ஆறிப்போனது, வடை ஆறிப்போனது, ஆட்களைக் காணோம். பிறகு போன் வந்தது.

“அண்ணாச்சி, காந்தி நகர்லதான் நிக்கோம். காசிராஜன்னு இங்க யாருமே இல்லங்காவ” என்றார் சுயம்புலிங்கம்.

“எந்தக் காந்தி நகரு?”

“செட்டியார்பட்டிப் பக்கம். டிரைவர் இது ஒண்ணுதான் தெரியுங்காரு.”

காசிராஜன் மனைவி அங்காளம்மாளைப் பார்த்தார். “சொல்லித் தொலைங்க, நேரமாவுது” என்றாள் அவள்.

அவர் போனை மறு காதுக்கு மாற்றினார். “சோழபுரம் ரோட்டுல வந்து… கள்ளுக்கடைன்னு கேளுங்க. யாரும் சொல்லுவாவ.”



“டிரைவர் அப்பமே கேட்டாரு அண்ணாச்சி, கள்ளுக்கடை காசிராஜனான்னு. நான்தான், சேச்சே, அவிய பட்டாளத்துல இருந்தவிய, அது வேற ஆளுன்னு அவரைச் சத்தம் போட்டேன். வண்டியில எங்க சொந்தக்காரவிய அம்புட்டுப் பேரும் இருக்காவ.”

“அது எங்கப்பா கடைதான் அண்ணாச்சி. ஆனா அவரு ஒரு நாளும் குடிச்சதில்ல…”

“கடைய விடுங்க. எங்கய்யா குடிச்சவருதான், ஊருக்கே தெரியும். கள்ளு வித்த வீட்டுல பொண்ணு குடுக்கலாம். பெத்தவரை மறைச்ச வீட்டுல எதை நம்பிக் குடுக்க?” சுயம்புலிங்கத்தின் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் கெஞ்சியாவது பார்த்திருக்கலாம். “நாங்க இப்படியே திரும்புதோம்.”

காசிராஜன் போனைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பா முகம் நினைவுக்கு வந்தது. அழுகையும் வந்தது.

“என்னவாம்?” என்றாள் அங்காளம்மாள்.

“வரலையாம்.”

“கள்ளுக்கடைன்னதும் வேண்டாம்னுட்டாவளா?”

“இல்லட்டி,” என்றார் காசிராஜன். “காந்தி நகர்ன்னதுக்கு.”