சந்தைத் தெருவில் சீர்ப்பேழை

அன்று பொள்ளாச்சிச் சந்தைத் தெருவில், கடை வாசலில் நடந்ததைக் கூட இருந்து பார்த்தவர்கள் ஆறு பேர்: நான், என் மனைவி நஞ்சம்மாள், மகள் பிரவீனா, தம்பி மகள் சண்முகப்பிரியா, கூடை முடையும் சின்னான், வெல்லக்கடை ரசாக். என் பெயர் பாலுசாமி. இந்தக் கதையை ஊரெல்லாம் பரப்பியவர்களில் ஒருவரும் அங்கே இல்லை.

என் மகன் நிதீஷுக்குத் தையில் கல்யாணம். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் இல்லாமல் தாலி ஏறாது. மாப்பிள்ளையோடு பிறந்தவள், கூறைச்சேலை வைத்த மூங்கில் பேழையைக் கையில் ஏந்தி வந்து அவன் பக்கத்தில் உட்கார வேண்டும். நிதீஷோடு பிறந்தவள் பிரவீனா ஒருத்திதான். அவள் தன் கல்யாணத்தைக் கோர்ட்டில் தீர்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவள். பல்லடத்தில் சொந்தமாகத் தறிக்கூடம் நடத்துகிறாள். வந்தவள் சீர் செய்யலாமா, சண்முகப்பிரியா செய்தால் என்ன என்று உறவில் பேச்சுக் கிளம்பியது. என் மகள்தான் செய்வாள் என்று சொல்லிவிட்டேன். ஆனால் பிரவீனா மட்டும் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவள் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வராமல் நான் எப்படி மணவறைப் பக்கம் போய் நிற்பது?

சின்னான் நான்கைந்து பேழைகளை எடுத்து வைத்தான். மூடியும் அடியும் ஒன்றோடொன்று கவ்வி நிற்கும் நல்ல வேலை.

"சீர் செய்யிற அம்மணி யாருங்க? கை நீளத்துக்குத் தக்கனதானுங்க பேழை எடுக்கோணும்" என்றான்.

நஞ்சம்மாள் சேலைத் தலைப்பைப் பார்த்தாள். பிரவீனா ஓரடி பின்னால் போய், "பிரியா, நீ புடிச்சுப் பாரு" என்றாள்.

"எனக்கெதுக்குக்கா? எனக்கென்ன கூடப்பொறந்தவன் கல்யாணமா?" என்றாள் சண்முகப்பிரியா. இந்தப் பிள்ளை சீருக்கு ஆசைப்பட்டதாகவும் கண்டதைப் பேசுகிறார்கள். அவள் அன்று நின்ற நிலை எங்கள் வீட்டுப் பெண் நிற்க வேண்டிய நிலை.

"பிரவீனா" என்றேன்.

அவள் வந்தாள். ஒன்றைக் கையில் அணைத்துப் பார்த்தாள், கீழே வைத்தாள். இன்னொன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இந்த ஓரம் இழுவை பத்தலீங்க. வேற குடுங்க."

"அம்மணி தறிக்காரங்களாட்ட இருக்குது!" என்று சிரித்தபடி சின்னான் உள்ளேயிருந்து இன்னொன்றை எடுத்து வந்தான். அது அவள் கைக்குள் பொருந்தி உட்கார்ந்தது. வெறும் பேழையை விற்கக்கூடாது என்று ஒரு பிடி நெல்லும் மஞ்சள் கிழங்கும் போட்டு மூடிக் கொடுத்தான். நெல் விழுந்த பேழை அதற்குப் பிறகு தரையைத் தொடக்கூடாது. கூலியாள் கையிலும் கொடுக்கக்கூடாது. வீட்டு ஆள்தான் கொண்டுவர வேண்டும். இது எங்கள் வழக்கம்.

அடுத்து ரசாக்கின் கடை. கச்சாயப் பலகாரம் சுட வெல்லம் வேண்டும். நஞ்சம்மாள் மஞ்சளாக மின்னிய உருண்டைகளைக் காட்டினாள்.

"சம்பந்தி ஊட்டுக்குப் போறது, பளிச்சுன்னு இருக்கோணுமில்லீங்க?"

"அம்மா, கச்சாயத்துக்குள்ள போனா பளிச்சு எங்கே தெரியும்?" என்று பிரவீனா ஒரு கறுத்த உருண்டையை உடைத்து வாயில் போட்டாள். "இதுங்க. உப்புக் கரிக்கல."

"அது நானே என் ஊட்டுக்கு எடுத்து வெச்சதுங்க அம்மணி" என்றார் ரசாக். பிறகு என்னைப் பார்த்து, "கல்யாண ஊட்டுக்காரரு இப்படி வெரப்பா நிக்கறீங்களே, சித்த உக்காந்தா வேட்டி கசங்கிப் போகுமுங்களா?" என்றார். நான் உட்காரவில்லை. அவரும் கறுத்த வெல்லத்தையே இரண்டு பைகளில் கட்டிக் கொடுத்தார்.

மாட்டுச் சந்தை நாள். கார் கடைப்பக்கம் வர வழியில்லை, நிதீஷ் அதை ரோட்டு முனையில் நிறுத்தியிருந்தான். நஞ்சம்மாளுக்கு மூட்டு வலி. சண்முகப்பிரியா மாசமாக இருக்கிறாள், பாரம் தூக்கக்கூடாது. பிரவீனா இரண்டு பைகளையும் தூக்கிக்கொள்ளப் பேழையை என் பக்கம் நீட்டினாள்.

"நான் வாங்கிக்கறேனுங்க பெரியப்பா, இது பாரமில்லீங்க" என்று சண்முகப்பிரியா நல்ல மனதோடுதான் கை நீட்டினாள். அந்தத் தெருவிலோ எங்கள் உறவுக்காரர்கள் எத்தனை பேர் மாடு பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்பது எனக்குத் தெரியும். பேழை அவள் கையில் ஏறினால், சீரும் அவளுடையது என்று அன்று சாயங்காலமே முடிவு கட்டிவிடுவார்கள்.

தோள் துண்டை எடுத்துச் சும்மாடு கோலினேன். பேழையை வாங்கித் தலையில் வைத்தேன். என் வயதில் அந்தத் தெருவில் நான் எதையும் சுமந்ததில்லை. எங்கள் வீட்டு ஆண்கள் யாரும் சுமந்ததில்லை.

"ஐயோ, ஏனுங்க இது!" என்றாள் நஞ்சம்மாள்.

"அப்பா, நேரா நடங்க" என்று பிரவீனா சிரித்தாள். பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகு அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை.

"நான் எப்ப வளைஞ்சு நடந்தேன்?"

"அந்த முதுகுக்கு இன்னைக்குத்தானுங்க சரியான வேலை கெடச்சுது!" என்று ரசாக் கடைக்குள்ளிருந்து கத்தினார்.

மாடுகளுக்கும் ஆட்களுக்கும் நடுவே நடந்தேன். தெரிந்தவர்கள் பார்த்தார்கள். நன்றாகப் பார்க்கட்டும் என்றுதான் நடந்தேன். கார் பக்கம் வந்ததும் பிரவீனா பைகளை உள்ளே வைத்துவிட்டு, என் தலையிலிருந்து பேழையை இறக்கிக் கையில் அணைத்துக்கொண்டாள்.

"அப்பா, சீருக்கு எனக்கு நெகமம் சேலைதான் வேணும். போற வழியிலயே எடுத்துப் போடலாமுங்களா?"

"நெகமத்துக்கு உடு" என்று நிதீஷிடம் சொன்னேன்.

வந்த மகளின் கை படக்கூடாது என்றுதான் பாலுசாமி பேழையைத் தானே சுமந்தான் என்று இப்போது சிலர் சொல்லித் திரிகிறார்கள். அது பொய். அவள் இரண்டு கையிலும் வெல்லம் இருந்தது. முகூர்த்தத்தில் நெகமம் சேலை கட்டிப் பேழை ஏந்தி வந்தவள் என் மகள் பிரவீனா.