குழுவுக்குப் போகாத பதில்கள்

பார்வையற்றோருக்குக் கணினித் திரையை வாசித்துக் காட்டும் ஓர் இலவச மென்பொருளில், ஜெர்மனியின் வடகடல் ஓரத்தில் பேசும் பிளாட் என்ற வட்டார மொழிக்கான குரலை வீப்கெ கவனித்துவந்தாள். பகலில் ஓல்டன்பூர்க்கில் ஒரு பல் மருத்துவரிடம் வேலை. மாலையில் இது. எம்டனில் இருக்கும் ஒன்னோ என்ற பார்வையற்ற பெரியவர் மென்பொருளின் மின்னஞ்சல் குழுவுக்கு ஓயாமல் குறை எழுதுவார். ஒவ்வொன்றுக்கும் அவள் பதில் எழுதி, பிழை திருத்திய கோப்பையும் அதோடு இணைத்து அனுப்புவாள்.

ஒரு சனிக்கிழமை, குழுவை நடத்தும் ஹென்னிங் எல்லோருக்கும் எழுதியிருந்தான். பிளாட் குரலைக் கவனிக்க ஆளில்லை, கேட்ட கேள்விகளுக்குப் பதிலே இல்லை, ஆகவே நேற்று வெளியான புதிய பதிப்பில் அது இல்லை.

வீப்கெ அவனைப் போனில் பிடித்தாள்.

"ஏம்பா, ஆளில்லையா? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"உன்கிட்டேருந்து ஒண்ணுமே வரலியே. 'குழுவுக்குப் பதில்'னு இருக்குமே, அதைத்தானே அழுத்துற?"

"'பதில்'னு இருக்கறதை அழுத்துறேன். பதில் சொல்ல வேற எதை அழுத்துவாங்க?"

"அது எழுதினவருக்கு மட்டும்தான் போகும். எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"எனக்கு எவன் சொன்னான்?"

அந்தப் பொத்தான் அவள் திரையில் இல்லவே இல்லை. அமைப்புகளைக் குடைந்து எங்கோ அடியில் கண்டுபிடித்து மேலே கொண்டுவந்தாள். தான் இருப்பதாகக் குழுவுக்கு எழுதி அனுப்பினாள். படம் உள்ள மடலை ஏற்பதில்லை என்று திரும்பி வந்தது. பல் மருத்துவமனையின் சின்னமான சிரிக்கும் பல் அவள் கையெழுத்துக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு, வெறும் எழுத்தாக மாற்றி அனுப்பினாள். போனதாகவே தெரியவில்லை. மறுபடி அனுப்பினாள், மறுபடியும். 'ஒரு தடவை போதும், புரிந்தது' என்று டென்மார்க்கிலிருந்து யாரோ எழுதினார். குழு வழியாகத் திரும்பி வந்த அவள் மடலை அவளுக்கே காட்டாமல் அவளுடைய மின்னஞ்சல் சேவை ஒளித்துவைத்திருந்தது.

ஒன்னோ போனில் கூப்பிட்டார்.

"எல்லாரும் படிக்கிறாங்கன்னுல்ல நெனச்சேன், அம்மாடி. மடல் யாருக்குன்னு இருக்கற விலாசத்தை வாசிக்கவேணாம்னு நான்தான் நிறுத்திவெச்சிருந்தேன்."

அவள் அனுப்பிய பதில்கள் அத்தனையையும் அவரே குழுவுக்கு அனுப்பிவைத்தார். ஹென்னிங் வருத்தம் தெரிவித்தான். குரல் வசந்தகாலப் பதிப்பில் திரும்பி வருமாம்.

"அதுவரைக்கும் இந்தப் புத்தக ஜெர்மன் பேசுற குரல்தான் பிளாட் வாசிக்கணுமா?" என்றார் ஒன்னோ. "வரி ஆபீசர் தாலாட்டு பாடுற மாதிரி இருக்கு."

வீப்கெவுக்குச் சிரிப்பு வரவில்லை. புதிதாகச் சேருபவர்களுக்கு எந்தப் பொத்தானை அழுத்துவது என்று முதல் மடலிலேயே சொல்லிவிடச் சொல்லி ஹென்னிங்குக்கு எழுதினாள்.

"நல்ல யோசனை. குழுவுக்கு எழுதிப் போடு, விவாதிப்போம்" என்று பதில் வந்தது.

அவள் மடிக்கணினியை மூடிவிட்டுக் கடைக்குக் கிளம்பினாள்.